விழிக்க மறுக்கும் கணிப்பொறி

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தமிழகத்தை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், கூடத்தின் மூலையிலோ கட்டிலின் அடியிலோ பழைய கணிப்பொறி ஒன்று இருக்கக் காண்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்கென்று பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கியது அது. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டனர். கைப்பேசியும் மடிக்கணினியும் வீட்டுக்கு வந்துவிட்டன. ஆயினும் பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனம் வருவதில்லை. அதனுள் இருப்பவை அத்தகையவை. ஊரில் நடந்த திருமணத்தின் படங்கள், இன்று நம்மிடையே இல்லாத பாட்டியாரின் குரல், தந்தையார் ஓய்வுபெற்ற பின் தமிழில் தட்டெழுதி வைத்த குடும்ப வரலாறு, தமிழ்ச் சங்கத்தின் பழைய கணக்கு ஆகிய இவை யாவும் அந்த ஒரே பெட்டியில் இருக்கக்கூடும்.

என்றோ ஒரு நாள் அவற்றுள் ஒன்று வேண்டியிருக்கிறது. பொத்தானை அழுத்துகிறோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கில வாசகம் ஒன்று தோன்றி அப்படியே நின்றுவிடுகிறது. அல்லது பெட்டி விட்டுவிட்டு ஒலிக்கிறது. அல்லது ஒன்றுமே நிகழவில்லை. பழுது பார்ப்பவரை அழைத்தால், அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஃபார்மட் செய்துவிடலாம்" என்று சொல்லக்கூடும். அச்சொல்லுக்கு நாம் தலையசைத்தால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். பாட்டியாரின் குரல் போய்விடும். ஹார்டு டிஸ்க் எனப்படும் தட்டில் இருப்பவற்றை விலக்கிவிட்டுப் புதிதாகக் கோடு போடுவதே ஃபார்மட் என்பதன் பொருள். பெரும்பாலான தொடக்கப் பழுதுகளுக்கு அது தேவையே இல்லை. நூறு ரூபாய்க்கும் குறைந்த ஒரு மின்கலமோ, சற்றே நெகிழ்ந்த ஒரு கம்பியோ, எடுக்க மறந்த ஒரு பென் டிரைவோதான் பல வேளைகளில் காரணமாக இருக்கிறது. ஆகவே, கணிப்பொறி விழிக்க மறுக்கும்போது அது என்ன சொல்கிறது, நாம் எந்த முறையில் ஆராய வேண்டும் என்பவற்றை இன்று காண்போம்.

பொத்தானை அழுத்தியதும் உள்ளே நடப்பது இன்னது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பெட்டியின் பின்புறத்தில் எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்லும் மின்வழங்கி இருக்கிறது. நம் வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 என்னும் சிறு வோல்ட்டுகளாக மாற்றித் தருவது அதன் வேலை. மின்சாரம் நிலைப்பட்டதும், 'சரியாக இருக்கிறது' என்னும் குறிப்பை அது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அக்குறிப்பு வந்த பின்னரே மூளையாகிய செயலி கண் விழிக்கிறது. விழித்த செயலிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட விலாசத்துக்குப் போய் அங்குள்ள கட்டளையைப் படிப்பது ஒன்றே அதன் இயல்பு. அந்த விலாசத்தில் இருப்பது பயாஸ் என்னும் சிறு நிரல். அது தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லில் பதிக்கப்பட்டிருக்கிறது.

பயாஸ் என்ன செய்கிறது? வீட்டுத் தலைவி விடியலில் எழுந்து பால் வந்ததா, தண்ணீர் வந்ததா, அடுப்பு எரிகிறதா என்று வரிசையாகப் பார்ப்பதுபோல, நினைவகம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, தட்டுகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. இச்சோதனைக்குப் 'போஸ்ட்' என்று பெயர். எல்லாம் சரியாயின், தட்டின் முதற்பகுதியில் உள்ள 512 பைட்டுகளை மட்டும் படித்து நினைவகத்தில் வைத்து, 'இனி உன் பாடு' என்று பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்தச் சிறு துண்டு தன்னைவிடப் பெரியதொரு நிரலை அழைக்கிறது. அது விண்டோஸையோ லினக்ஸையோ அழைக்கிறது. சிறியது பெரியதைத் தூக்கும் இம்முறையைப் பற்றியே, தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்பவனைப் பற்றிய ஆங்கில வழக்கிலிருந்து 'பூட்' என்னும் சொல் வந்தது.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது முதல் இவ்வரிசை ஏறக்குறைய மாறாமல் வந்திருக்கிறது. அக்காலத்து இயந்திரங்கள் பழுதை வெறும் எண்ணாகவே காட்டின. 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் ஃபிளாப்பி, 1701 என்றால் ஹார்டு டிஸ்க் என்று கையேட்டைப் பார்த்து அறிய வேண்டும். பின்னர் வந்தவை வாசகமாகவே சொல்லத் தொடங்கின. எண்ணாயினும் வாசகமாயினும் ஒலியாயினும், அது ஒரு சாட்சியின் வாக்குமூலம். கணிப்பொறி எந்தப் படி வரை ஏறி எந்தப் படியில் நின்றது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. ஆதலால் செய்ய வேண்டிய முதல் வேலை, எதையும் தொடாமல் திரையில் உள்ள வாசகத்தை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்வது. அல்லது கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்வது. பதற்றத்தில் பத்துத் தடவை அணைத்து அணைத்துப் போடுவதால் நன்மை ஏதும் இல்லை. தட்டு நலிந்திருக்குமானால் ஒவ்வொரு முறையும் தீமையே விளையும்.

இனிப் படிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்படி மின்சாரம். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியில் இருக்கும். யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் முதலில் அதையே ஐயுற வேண்டும். அதனுள் இருக்கும் ஈய மின்கலம் சில ஆண்டுகளில் உயிரை விட்டுவிடும். கணிப்பொறியின் கம்பியை நேரே சுவரிலுள்ள பிளக்கில் செருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பெட்டியின் பின்புறத்தில் மின்வழங்கிக்கு அருகே சிறு சுவிட்சு ஒன்று இருக்கும். வீடு பெருக்கும்போது அது அணைந்து போயிருக்கலாம். சில பழைய மின்வழங்கிகளில் 115, 230 என்னும் எண்களைக் காட்டும் சிவப்பு நழுவு சுவிட்சும் உண்டு. நம் நாட்டில் 230 என்ற எண்ணே தெரிய வேண்டும். அதை 115-க்கு நகர்த்திவிட்டு மின்சாரம் கொடுத்தால் மின்வழங்கி கருகிப்போகும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கவனித்தல் அவசியம்.

இவை யாவும் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால், வேலை செய்யும் வேறொரு மின்வழங்கியை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறோம்: மின்வழங்கியின் தகரப் பெட்டியை யாரும் வீட்டில் திறக்கலாகாது. அதனுள் உள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். தாய்ப்பலகையைக் கண்ணால் பார்ப்பதில் தவறில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் செய்யப்பட்ட பலகைகள் பலவற்றில் தரம் குறைந்த மின்தேக்கிகள் இடம்பெற்று விட்டன. சிறு உருளை வடிவான அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். சுட்ட அப்பளம்போல் உப்பியிருந்தாலும், பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலும், நோய் அங்கேதான் இருக்கிறது. பற்றவைக்கத் தெரிந்தவர் அவற்றை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இரண்டாம் படி ஒலி. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, ஆனால் திரை இருண்டே கிடக்கிறது. உள்ளிருந்து 'பீப்' என்னும் ஒலி விட்டுவிட்டு வருகிறது. திரையில் எழுத்தைக் காட்ட இயலாத நிலையில் பயாஸ் பேசும் மொழி அது. இம்மொழி பயாஸைச் செய்தவருக்கு ஏற்ப மாறும். அவார்டு என்னும் பயாஸில் நீண்ட ஒலி ஒன்றும் குறுகிய ஒலி இரண்டும் வந்தால் திரைக்குப் படம் அனுப்பும் அட்டையில் குறை என்று பொருள். நீண்ட ஒலி ஓயாமல் வந்தால் நினைவகத்தில் குறை. அமி எனப்படும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் பயாஸில் குறுகிய ஒலி மூன்று வந்தால் நினைவகம், எட்டு வந்தால் திரை அட்டை. இந்த நிறுவனம் 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. சென்னையிலும் இதற்கு அலுவலகம் உண்டு. சில பெட்டிகளில் ஒலி எழுப்பும் சிறு கருவியே பொருத்தப்பட்டிராது. ஒலி இல்லை என்பதால் குறை இல்லை என்று எண்ணிவிடலாகாது.

நினைவகக் குறைக்கும் நம்மைப் போன்ற இடம்பெயர்ந்தோருக்கும் ஒரு நெருங்கிய தொடர்பு உண்டு. மாற்றல் உத்தரவு வந்ததும் சாமான்களை லாரியில் ஏற்றி ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் அனுப்புகிறோம். அக்குலுக்கலில், பலகையின் பள்ளத்தில் செருகப்பட்டிருக்கும் ராம் என்னும் நினைவகத் துண்டு மயிரிழை அளவு விலகினாலும் போதும், பெட்டி விழிக்காது. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் அதன் தொடுமுனைகளில் மாசு படிகிறது. தில்லியில் கோடைப் புழுதிக் காற்று உள்ளே புகுந்து விசிறியையும் பள்ளங்களையும் அடைத்துக்கொள்கிறது.

பரிகாரம் எளிது. மின்கம்பியை முற்றிலும் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட வேண்டும். வடநாட்டுக் குளிர்காலத்தில் காற்று மிகவும் உலர்ந்திருப்பதால், கம்பளிச் சட்டை அணிந்த உடலில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். கதவுப் பிடியைத் தொட்டால் 'சுருக்' என்பது அதனால்தான். அந்தச் சிறு பொறி நினைவகச் சில்லைக் கொன்றுவிடும். பிறகு ராமின் இருபுறமும் உள்ள பிடிகளை வெளிப்புறமாக விலக்கினால் அது மேலெழும். அதன் மஞ்சள் நிறத் தொடுமுனைகளைப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெண்ணிற அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, பிடிகள் தாமே 'கிளிக்' என்று விழும் வரை நேராக அழுத்திப் பொருத்த வேண்டும். இரு துண்டுகள் இருப்பின் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்து, பிறகு மற்றதை வைத்துப் பார்த்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போய்விடும்.

மூன்றாம் படியில் திரை பேசத் தொடங்குகிறது. விசைப்பலகையைக் காணோம் என்று சொல்லி, தொடர்வதற்கு எஃப் 1 விசையை அழுத்துக என்றும் கேட்கும் வாசகம் உலகப் புகழ் பெற்றது. இல்லாத பலகையில் எந்த விசையை அழுத்துவது என்று நகைக்கத் தோன்றும். பலகையைச் சரியாகச் செருகிவிட்டு அழுத்துக என்பதே அதன் கருத்து.

இப்படியில் நம் பழைய பெட்டிகளில் மிகுதியாகக் காணும் குறை வேறொன்று. 'சீமாஸ் செக்சம் எரர்', 'சீமாஸ் பேட்டரி லோ' என்பன போன்ற வாசகங்களாக அது வெளிப்படும். 1984-இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. என்னும் மாதிரி முதல், நாள், நேரம், தட்டுகளின் விவரம் ஆகியவற்றைச் சீமாஸ் என்னும் சிறு நினைவகத்தில் வைத்து, மின்சாரம் இல்லாதபோது அது மறவாதிருக்க ஒரு மின்கலத்தையும் பொருத்தினர். இன்று அம்மின்கலம் ஒரு பெரிய காசு வடிவில் இருக்கிறது. சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உடையது என்பதையே அவ்வெண் குறிக்கிறது. அதன் அழுத்தம் 3 வோல்ட். சில ஆண்டுகளில் அது வற்றிவிடும். பெட்டி பல மாதம் மின்சாரம் இன்றிக் கிடந்தால் இன்னும் விரைவில் வற்றும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகையில் உள்ள சிறு கொக்கியை விலக்கி, பழையதை எடுத்து, கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே தெரியுமாறு புதியதை வைத்தால் போதும்.

ஆனால் வேலை அத்துடன் முடியவில்லை. இதை அறியாததால்தான் பலர் ஏமாறுகின்றனர். மின்கலம் வற்றியபோது பெட்டி தன் பழைய அமைப்புகளை எல்லாம் மறந்துவிட்டது. தொடக்கத்தில் டெலீட் விசையையோ எஃப் 2 விசையையோ அழுத்திப் பயாஸின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது நாளும் நேரமும். நாள் பல ஆண்டு பின்னுக்குப் போயிருந்தால் கணிப்பொறி விழித்த பிறகும் இணையத்தின் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். அவற்றின் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது எண்ணிக்கொள்ளும். இரண்டாவது, எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்னும் வரிசை. மூன்றாவது, ஹார்டு டிஸ்க்கை அழைக்கும் முறை. சாட்டா வகைத் தட்டுகளுக்கு ஐ.டி.இ. என்றும் ஏ.எச்.சி.ஐ. என்றும் இரு முறைகள் உண்டு. விண்டோஸ் எக்ஸ்.பி. எந்த முறையில் நிறுவப்பட்டதோ அம்முறை மாறிவிட்டால், நீலத் திரை தோன்றி 7பி என்று முடியும் எண்ணுடன் நின்றுவிடும். விண்டோஸே அழிந்துபோயிற்று என்று கருதி ஃபார்மட் செய்யப்படும் பெட்டிகளும் உண்டு. அந்த ஒரு சொல்லை மீண்டும் மாற்றினால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

நான்காம் படி தட்டு. 'நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்' என்றோ, 'டிஸ்க் பூட் ஃபெய்லியர்' என்றோ, 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்றோ திரை சொன்னால், பயாஸ் தன் சோதனைகளை முடித்துவிட்டது, அடுத்தவரை அழைத்தது, பதில் வரவில்லை என்று பொருள். முதலில் பெட்டியில் செருகியிருக்கும் பென் டிரைவ், குறுந்தட்டு, ஃபிளாப்பி ஆகியவற்றை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். பயாஸ் அவற்றுள் ஒன்றை விண்டோஸ் இருக்கும் தட்டென்று எண்ணி ஏமாந்திருக்கக்கூடும். அப்படியும் சரியாகவில்லை என்றால் அமைப்புப் பக்கத்தில் ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் தொடக்க வரிசையைத் திருத்தினால் போதும். தெரியாவிட்டால், தட்டுக்குப் போகும் இரு கம்பிகளையும், அதாவது மின்சாரக் கம்பியையும் செய்திக் கம்பியையும், கழற்றி மீண்டும் அழுத்திச் செருக வேண்டும். லாரியில் வந்த பெட்டிக்கு இது அநேகமாகப் பலிக்கும்.

இங்கே காதுக்கும் வேலை உண்டு. தட்டிலிருந்து 'டக், டக்' என்று சீரான தட்டல் ஒலி கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். தட்டின்மேல் நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் படிப்பு முனை தன் இடத்தைக் காணாமல் தவிக்கும் ஒலி அது. மேலும் ஓடவிட்டால் முனை தட்டைக் கீறி, மீட்க இயலாதபடி செய்துவிடும். 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்' என்னும் வாசகம் தோன்றினாலும் தட்டு தன் மரணத்தைத் தானே அறிவிக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்நிலையில் விண்டோஸைச் சரிசெய்வதில் நேரம் போக்காமல், இருப்பதை வெளியே எடுப்பதே அறிவுடைமை.

ஐந்தாம் படி விண்டோஸின் வாசல். எக்ஸ்.பி. உள்ள பெட்டியில் 'என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்' என்றும், விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்றும் தோன்றும். பின்னதைப் படிக்கும் தமிழர் கண்ணுக்கு வேறு நினைவு வருவது இயல்பே. ஆயினும் இது 'பூட் மேனேஜர்' என்பதன் சுருக்கம். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: வாசலைத் திறக்கும் கோப்பைக் காணோம். எக்ஸ்.பி.யால் ஃபார்மட் செய்யப்பட்ட பென் டிரைவ் செருகியிருந்தாலும் முதல் வாசகம் தோன்றும் என்பதால், அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது இங்கும் முதல் மருந்து. வாசல் திறந்த பின் விண்டோஸ் பாதியில் நின்று மீண்டும் மீண்டும் தொடங்கினால், தொடக்கத்திலேயே எஃப் 8 விசையைத் தட்டி, கடைசியாகச் சரியாக இருந்த அமைப்பையோ 'சேஃப் மோடு' என்னும் பாதுகாப்பு நிலையையோ தேர்ந்தெடுக்கலாம். அந்நிலையில் இன்றியமையாதவை மட்டுமே ஏறும். புதிதாகச் சேர்த்த நிரலோ கருவியோ கலகம் செய்திருந்தால் அங்கே அதை நீக்கிவிடலாம்.

எந்தப் படியில் நின்றாலும், ஹார்டு டிஸ்க்கின் பெயர் பயாஸில் தெரிகின்ற வரையில் நம் செல்வம் பெரும்பாலும் அதனுள் பத்திரமாகவே இருக்கிறது. வாசற்கதவு திறக்கவில்லை என்பதால் வீட்டிலுள்ள பொருள் போய்விட்டது என்று ஆகாது. அதை எடுக்க இரு வழிகள் உண்டு. முதல் வழி: பென் டிரைவிலிருந்தோ குறுந்தட்டிலிருந்தோ தானே ஓடவல்ல லினக்ஸைக் கொண்டு பெட்டியை எழுப்புவது. பப்பி லினக்ஸ் போன்ற எளிய வகைகள் சிறிய நினைவகத்திலும் ஓடும். பழைய செயலிகள் பல 32 பிட் வகையைச் சேர்ந்தவை. புதிய லினக்ஸ்களில் பல அவற்றில் ஓடா என்பதால் 32 பிட்டுக்கு ஏற்றதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் வழி: தட்டைக் கழற்றி, அதற்கேற்ற யு.எஸ்.பி. இணைப்புக் கருவி வழியாக மற்றொரு கணிப்பொறியில் செருகிப் படிப்பது. புதிய கணிப்பொறி, 'இத்தட்டை ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்கலாகாது. நகல் எடுத்து முடியும் வரை தட்டைத் திருத்தும் எந்த நிரலையும் ஓடவிடாதிருத்தல் நல்லது. நலிந்த தட்டை அந்த உழைப்பே கொன்றுவிடக்கூடும்.

தமிழில் எழுதி வைத்தவர்கள் இங்கே மற்றோர் எச்சரிக்கையையும் மனத்திற்கொள்ள வேண்டும். யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றது. ஆயினும் நம் வீடுகளில் அது பரவப் பல்லாண்டு ஆயிற்று. அதற்கு முன்னர் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் தமிழைச் சேமித்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் வகுக்கப்பட்டன. டிஸ்கி என்னும் முறையும் வழங்கியது. பாமினி முதலிய எழுத்துருக்களோ வேறு வழியில் சென்றன. அவ்வாறு எழுதிய கோப்பைப் புதிய கணிப்பொறியில் திறந்தால் தந்தையார் எழுதிய குடும்ப வரலாறு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். பழைய தட்டில் விண்டோஸ் என்னும் உறைக்குள் ஃபாண்ட்ஸ் என்றொரு உறை இருக்கும். அதையும் முழுவதுமாக நகலெடுத்துக்கொண்டால், எந்த எழுத்துரு என்று அறிந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். கோப்பை எடுத்து எழுத்துருவை விட்டுவந்தால், பூட்டிய பெட்டியைக் கொண்டுவந்து சாவியை விட்டுவந்த கதைதான்.

இவ்வளவும் செய்தும் பலிக்கவில்லை, அல்லது பெட்டியைத் திறக்கத் துணிவு வரவில்லை என்றால், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. சென்னைக்கு ரிச்சி தெருவைப் போலத் தில்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் சாலை, பெங்களூருக்கு எஸ்.பி. சாலை, கொல்கத்தாவுக்குச் சாந்தினி சௌக் என்று கணிப்பொறிக் கடைத்தெருக்கள் இருக்கின்றன. கைதேர்ந்தவர்கள் அங்கே பலர் உண்டு. இந்தப் பெட்டிக்குள் எது நமக்குப் பொன், எது மண் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். எழுதி வைத்த வாசகத்தைக் காட்டுங்கள். அதற்கு முன் என்ன நடந்தது, அதாவது லாரியில் வந்ததா, மின்சாரம் போய் வந்ததா, மாதக் கணக்கில் கிடந்ததா என்பதைச் சொல்லுங்கள். மொழி முழுவதும் வராவிட்டாலும் ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியில் 'ஃபார்மட் மத் கீஜியே', மராத்தியில் 'ஃபார்மட் கரு நகா', கன்னடத்தில் 'ஃபார்மட் மாடபேடி', வங்காளத்தில் 'ஃபார்மட் கோர்பேன் நா'. நான்கும் ஒன்றையே சொல்கின்றன: ஃபார்மட் செய்ய வேண்டாம். பழைய தட்டைத் திருப்பித் தருமாறு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு தட்டில் விண்டோஸை ஏற்றச் சொல்லுங்கள்.

பெட்டி மீண்டும் விழித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதை எந்த அளவுக்கு நம்பலாம்? 2001-இல் வெளிவந்த எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8 உடனும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 உடனும் பொது ஆதரவை நிறுத்திவிட்டது. புதிய கிருமிகளுக்கு அவற்றில் தடுப்பு இல்லை. ஆகவே வங்கி வேலைக்கும் கடவுச்சொல் இட வேண்டிய வேறு வேலைகளுக்கும் அப்பெட்டியைப் பயன்படுத்தாதிருத்தல் நலம். பழைய கோப்புகளைத் திறக்கவும், பழைய அச்சுப்பொறியை ஓட்டவும், பிள்ளைகளுக்கு உள்ளுறுப்புகளைக் காட்டிக் கற்பிக்கவும் அது தாராளமாகப் பயன்படும்.

விழித்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உள்ளிருக்கும் படங்களையும் குரல்களையும் எழுத்துகளையும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றை அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். அவர்களும் பார்த்து மகிழ்வார்கள்; ஓர் ஊரில் தட்டு கெட்டாலும் மற்றோர் ஊரில் பாட்டியாரின் குரல் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீடு ஒழிக்கும் நாளில், பெட்டியின் தூசியைத் துடைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நகல்கள் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.